ஜான் ஆபிரகாம்: குடிக்கதையும் உண்டியல் கணக்கும்

ஜான் ஆபிரகாம் பேச்சை எடுத்தாலே நம்ம இலக்கியத் தோழர்கள் முதலில் அவிழ்ப்பது குடிக்கதையைத்தான். 1987 மே மாதக் கடைசியில் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து செத்தது வரை அந்தக் கதை போகும். ஒழுங்கில்லாத மேதை, கலகக்காரன் என்பார்கள். கடன் வாங்கிக் குடிச்சிட்டு ரோட்டுல படுக்கிறவன் எங்க தெருவிலும் இருக்கான். அவனை எவனும் கலகக்காரன்னு சொன்னதில்லை.

எனக்கு ஜான் வேறு மாதிரிப் படுகிறார். நான் வங்கிக் குமாஸ்தா. அவரும் ஒரு காலத்தில் பெல்லாரியில் எல்.ஐ.சி. ஊழியர். அந்தச் சம்பளத்தை உதறிவிட்டுப் பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போனார். ரித்விக் கட்டக்கிடம் படித்தார். (எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. வீட்டுக்கடன் இருக்கு.) 1972-ல் தொடங்கி 1986 வரை எடுத்தது நாலே முழுநீளப் படம். அதில் ஒன்று தமிழ்: ‘அக்ரகாரத்தில் கழுதை’, 1977. வெங்கட் சாமிநாதன் எழுதியது. தேசிய விருது கிடைத்தது. ஆனாலும் 1989-ல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டது.

கதை தெரிந்ததுதான். தாயில்லாக் கழுதைக் குட்டியை ஒரு பேராசிரியர் அக்ரகாரத்துக்குக் கொண்டுபோய் வளர்க்கிறார். கழுதையைப் பார்த்துக்கொள்வது உமா என்ற ஊமைப் பெண். அவளுக்குச் செத்துப் பிறந்த குழந்தை கோயில் முன்னால் கிடக்க, பழி கழுதை மேல் விழுகிறது. அடித்துக் கொன்றவர்களே பிறகு அதற்குக் கோயில் கட்டக் கிளம்புகிறார்கள். பார்ப்பனியத்தை இப்படி நேருக்கு நேர் கேலி செய்த தமிழ்ப் படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்தப் படத்தைத்தான் போன ஏப்ரல் 14 ராத்திரி கருங்குழியில் எங்க காலனியில் வேட்டியைக் கட்டிக் காட்டினோம். முடிஞ்சதும் ஒரு ஆயா கேட்டாங்க: “ஏன்டா பேராண்டி, அந்த ஊமைப் பொண்ணு யாரு வூட்டுப் பொண்ணு? அவளுக்கு இன்னாதான் ஆச்சு?”

பதில் சொல்ல முடியவில்லை. கழுதை வண்ணார் வீட்டு உயிர். வீட்டு வேலை செய்யும் பெண்ணும் அக்ரகாரத்துக்காரி இல்லை. ஆனால் படத்தின் கண் அக்ரகாரத்தின் மேலேயே குத்தி நிற்கிறது. பார்ப்பானுக்குப் புத்தி வருமா என்பதுதான் அதன் கவலை. ஆயாவின் கவலை வேறு.

இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஜானை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. அவரே அந்த இடத்தில் நிற்காமல் மேலே போனவர். 1984-ல் நண்பர்களோடு ஒடேசா என்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். தயாரிப்பாளன் வாசலுக்கே போகவில்லை. சாப்ளினின் ‘கிட்’ படத்தை ஊர் ஊராகக் காட்டி, ஜனங்ககிட்ட கையேந்திச் சில்லறை திரட்டினார்கள். அந்தக் காசில் வந்ததுதான் ‘அம்ம அறியான்’, 1986. செத்துப்போன இளைஞனின் அம்மாவுக்குச் சேதி சொல்ல ஒருவன் வயநாட்டிலிருந்து கிளம்புகிறான். வழியெல்லாம் ஆள் சேர்ந்துகொண்டே போகிறது. படத்துக்குக் காசு சேர்ந்ததும் இப்படித்தான்.

கேஷ் கவுண்ட்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், கசங்கிய பத்து ரூபாய்த் தாளாக எண்ணி அடுக்கி ஒரு தொகை சேர்ப்பது என்ன பாடு என்று. குடிகாரக் கதையில் இந்த வேலை வருவதே இல்லை. பிடிவாதமாகக் கணக்குப் பார்த்த கூட்டம் அது.

2003-ல் அமுதன் ‘பீ’ எடுத்தார். 2017-ல் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ எடுத்தார். அரங்கில் காட்டவிடாமல் போலீஸ் தடுத்தபோது அதை யூடியூபில் போட்டார். ஆயா கேட்ட பொண்ணு பக்கம் கேமரா திரும்பிவிட்டது. ஆனால் எங்க மாவட்டத்துக் காரணையைப் பற்றி ஒரு முழுநீளப் படத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலையைப் பெயர்த்ததை எதிர்த்துச் செங்கல்பட்டில் திரண்டவர்களை 1994 அக்டோபர் 10-ல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் மாண்டார்கள். கோடம்பாக்கத்தில் நம்மாளுங்க இன்னைக்கு இருக்காங்க, அவங்க எடுப்பாங்கன்னு சொல்றாங்க. எடுக்கட்டும், சந்தோஷம். அதுவரைக்கும் நாம என்ன பண்றது?

அன்னைக்கு ராத்திரி துண்டு ஏந்தினோம். 1,340 ரூபாய் விழுந்தது. ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது போட்டாங்க. புரொஜெக்டர் வாடகை போக மிச்சம் 440. ‘காரணை’ன்னு தலைப்புப் போட்டுத் தனி நோட்டுல வரவு வச்சிருக்கேன்.