கஷ்டம் மட்டுமே பிள்ளையை வளர்க்காது

பொதுத்தேர்வு ரிசல்ட் வர்ற நேரம். பெற்றோர்களுக்காக ஒரு சின்ன த்ரெட்.

1/ "நாங்க பட்ட கஷ்டத்தை எங்க புள்ள படக்கூடாது" என்பவர்கள் ஒரு பக்கம். "பட்டாத்தான் புத்தி வரும், படட்டும்" என்பவர்கள் இன்னொரு பக்கம். ரெண்டுமே பாதிதான் சரி என்பது என் கருத்து.

2/ எலும்பை எடுத்துக்கோங்க. தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப அது தன்னை மாற்றிக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-லேயே இதை எழுதிட்டார். விண்வெளியில் மாசக்கணக்கில் இருக்கிற வீரர்களுக்கு, பாரம் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாசம் சுமார் 1 சதவீதம் குறையுது. பாரம் இல்லைன்னா பலமும் போயிடும்.

3/ அதுக்காக மாவுக்கட்டு பிரிச்ச அன்னைக்கே மூட்டை தூக்கச் சொல்வோமா? முதல்ல வாக்கர், அப்புறம் ஊன்றுகோல், அப்புறம்தான் தனியா நடை. பக்கத்துல ஒருத்தர் கை கொடுக்கத் தயாரா நிப்பார். மனசுக்கும் இதே கணக்குதான்.

4/ ஹவாயின் கவாயி தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தாங்க. வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம்னு பல கஷ்டங்களோடு வளர்ந்தவர்களில் மூணுல ஒருத்தர் நல்லபடியா தலையெடுத்தாங்க. அவங்க வாழ்க்கையில் பெரும்பாலும் இருந்தது, கைவிடாத ஒரு பெரியவர். பெத்தவங்களோ, பாட்டியோ, டீச்சரோ.

5/ மீதிப் பேர்ல நிறைய பேருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ சிக்கல் வந்தது. கஷ்டம் மட்டுமே ஆளை உருவாக்கும்னா எல்லாருமே தேறியிருக்கணுமே?

6/ அப்போ என்ன செய்யலாம்? வயசுக்கேத்த பாரத்தைக் கொடுங்க. 15 வயசுப் பையன்கிட்ட "எங்கப்பா வலிக்குது?"ன்னு டாக்டர் கேட்டா, அவனே சொல்லட்டும். பஸ்ல தனியா போய் வரட்டும். சொதப்பினா "நான் அப்பவே சொன்னேன்ல" வேண்டாம். "சரி, அடுத்து என்ன பண்ணலாம்?"னு கேளுங்க.

7/ ரிசல்ட்டுல ஃபெயிலா? அன்னைக்கு ராத்திரி பக்கத்து வீட்டுப் பிள்ளையோட மார்க்கைப் பத்திப் பேசாதீங்க. சாப்பிட வைங்க, கூடவே இருங்க. "செத்துடலாம் போல இருக்கு"ன்னு சொன்னா, மிரட்டுறான்னு நினைக்காதீங்க. தனியா விடாதீங்க. 14416 அல்லது 104-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

8/ அழுது முடிச்சு, மனசு கொஞ்சம் தெளியட்டும். துணைத் தேர்வு இருக்கு, வருஷம் வீணாகாது. அதுக்கான விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். நீங்க பக்கத்துல உட்காருங்க, பேனாவை மட்டும் வாங்கிடாதீங்க.

வீட்டுல பரீட்சை எழுதின பிள்ளை இருக்கிறவங்களுக்கு இதைப் பகிருங்க.