கொழுப்பும் ஆசாரமும்

சென்ற மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவரிடம், தோல் ஷாப்புகளில் கழித்துப் போடும் கொழுப்பிலிருந்து டீசல் வண்டிக்கு எண்ணெய் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. "சிவ சிவா!" என்று காதைப் பொத்திக்கொண்டார். தாம் ஏறுகிற பஸ்ஸில் மாட்டுக் கொழுப்பு எரிந்தால் ஆசாரம் கெட்டுவிடுமாம். போகும்போது வாசற்படியில் நின்று தமது புதுச் செருப்பை வெகு பத்திரமாக மாட்டிக்கொண்டார். அசல் தோல், விலையையும் அவரே சொன்னார்.

இந்த மாதிரி ஆசாரத்தின் பேரில் எனக்கு நெடுநாளாகவே கோபம் உண்டு. 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டும் என்றார்கள். சிப்பாய்கள் கொதித்தார்கள், நியாயம். 2016-ல் இங்கிலாந்தின் புது ஐந்து பவுன் நோட்டில் துளிக் கொழுப்பு இருப்பது தெரிந்து சைவ உணவுக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். அதுவும் எனக்குப் புரிகிறது, தினம் கையால் தொட வேண்டிய வஸ்து. எஞ்சினுக்குள் எரிந்து போவதை யார் கடிக்கச் சொன்னார்கள்?

விஷயம் பெரிய மாயமில்லை. வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் வரும் பச்சைத் தோல் உப்பிட்டு வருகிறது. சுண்ணாம்பில் ஊற வைத்து மயிரைப் போக்கிய பிறகு, உட்புறம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் யந்திரத்தில் கொடுத்துச் சீவித் தள்ளுகிறார்கள். ஒரு டன் உப்புத் தோல் உள்ளே போனால், பதனிட்டு வெளியே வருவது சுமார் 200 கிலோதான். மீதியில் ஒரு பங்கு இந்தச் சீவல். அது அழுகினால் அந்தத் தெருவில் நிற்க முடியாது. அதையே காய்ச்சினால் கொழுப்பு மேலே மிதக்கும். சுண்ணாம்பு பட்டதில் கொஞ்சம் சவுக்காரமாகியிருக்கும். அமிலம் விட்டு மீட்க வேண்டும். பிறகு மெதனாலும் கிரியா ஊக்கியும் சேர்த்தால் மேலே எண்ணெய், அடியில் கிளிசரின். குளிரில் உறைந்துவிடும் என்று ஒரு குறை சொல்வார்கள். சொல்லட்டும்; வேலூர் வெயிலை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது!

அடையாற்றில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2030-க்குள் டீசலில் நூற்றுக்கு 5 பங்கு இத்தகைய எண்ணெய் கலப்பதென்று 2018-ம் வருஷக் கொள்கையில் சர்க்கார் எழுதி வைத்திருக்கிறது. விலங்குக் கொழுப்புக்கும் அதில் இடமுண்டு. நம் நண்பரின் காதுதான் திறக்கவில்லை.

எண்ணெய்ப் பக்கம் பேசுகிற முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கொழுப்பைக் காய்ச்சுவதால் உப்பும் குரோமியமும் போய்விடாது. பாலாற்றைக் கெடுத்தவை அவை. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு அபராதம் போட வேண்டியிருந்தது. ஒரு பீப்பாய் எண்ணெயைக் காட்டி அந்தக் கணக்கை அழித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2015 ஜனவரி 31-ந் தேதி ராணிப்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று இதையும் நண்பரிடம் சொன்னேன். "அடடா" என்றார், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.