நோயாளியா? கைதியா?

குற்றம் என்பது செயல் மட்டும் அன்று. செய்வது இன்னதென்று அறிந்த மனமும் உடன் சேரும்போதே அது குற்றமாகின்றது. இவ்வறத்தைச் சட்டமும் ஏற்றுள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவில் கூறியதையே, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதா 22ஆம் பிரிவில் கூறுகின்றது. சித்தக் கலக்கத்தால் தன் செயலின் தன்மையையோ, அது தவறென்பதையோ அறிய இயலாதவன் குற்றவாளி ஆகான். தன் வழக்கை எடுத்துரைக்கும் தெளிவில்லாதவனின் விசாரணையும், அவன் தெளிவுறும்வரை ஒத்திவைக்கப்படும்.

கருணையிற் பிறந்த இவ்விதி, கேட்பாரற்ற ஏழைக்கு முடிவில்லாச் சிறையாவதும் உண்டு. அசாம் மாநிலத்தின் மச்சாங் லாலுங், கொடுங்காயம் விளைவித்ததாக 1951இல் கைது செய்யப்பட்டுத் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பெற்றார். அவர் தெளிவுற்றதாக 1967இல் மருத்துவர்கள் அறிவித்தனர். ஆயினும் அவர் சென்றது வீட்டிற்கன்று, கௌகாத்திச் சிறைக்கு! 2005இல், ஒரு ரூபாய்ப் பிணையில் வெளிவந்தபோது 54 ஆண்டுகள் கழிந்திருந்தன. மருத்துவம் தன் கடமையைச் செய்தது. மறதியே அவரைச் சிறையிலிட்டது.

"அத்தகையோரை வெளியே விட்டால் மக்களுக்குப் பாதுகாப்பு ஏது?" என்று கேட்போர் உளர். பாதிக்கப்பட்டோரின் துயரை நாமும் மறந்திலோம். ஆனால் நோயைத் தணிப்பது மருந்தும் பரிவுமேயன்றிப் பூட்டன்று. மருத்துவமின்றி அடைத்து வைத்தால், அச்சம் ஒத்திப்போடப்படுமே ஒழிய நீங்காது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலேனும் மனநல மருத்துவப் பிரிவு அமைய வேண்டும் என்கின்றது. மனநோயுற்றோர் எவரும் சிறையில் இல்லை என்று சிறை மருத்துவர் மும்மாதத்திற்கு ஒருமுறை உரிய வாரியத்திற்குச் சான்றளித்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. நல்ல சட்டமே! எனினும், ஏட்டில் எழுதிய மருந்து நோய் தீர்க்குமா? அச்சான்று உண்மையானதா என்று வினவுவோர் வேண்டும். ஒத்திவைத்த ஒவ்வொரு வழக்கும் மீண்டும் நீதிபதியின் பார்வைக்கு வரும் நாள் முன்னரே குறிக்கப்படல் வேண்டும்.

சட்டம் பயிலவிருக்கும் மாணவச் செல்வங்கள் இதனைத் தம் பணியாகக் கொள்வார்களாக. நலம்பெற்று மீள்வோர்க்குக் கதவு திறக்கும் கடமை குடும்பத்திற்கும் சமுதாயப் பெரியோர்க்கும் உண்டு. குற்றமில்லை என்று சட்டம் விடுவித்தவனை, நம் புறக்கணிப்பு தண்டித்தல் தகுமோ?