பழைய டெஸ்க்டாப்பை நீக்குவதற்கு முன்: கட்டற்ற மென்பொருள் பயனர் அமைப்பு ஒன்றின் நிலைப்பாடு

2011 ஏப்ரல் 6 அன்று குனோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பின் 3.0 பதிப்பு வெளியானபோது, கணினியை அணைக்கும் கட்டளை பயனர் பட்டியலில் தென்படவில்லை. ‘சஸ்பெண்ட்’ மட்டும் இருந்தது. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அதே வரி ‘பவர் ஆஃப்’ என்று மாறும். யாராவது சொன்னாலொழிய இது தெரிய வழியில்லை. சாளரத்தின் தலைப்பட்டையிலிருந்த சிறிதாக்கும், பெரிதாக்கும் பொத்தான்களும் போயிருந்தன. பயனர்கள் கொதித்தார்கள். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சொல்லப்பட்டது. ஆனால் 2012 செப்டம்பரில் வந்த 3.6 பதிப்பில் ‘பவர் ஆஃப்’ பட்டியலுக்கே திரும்பியது.

லினக்ஸ் டெஸ்க்டாப்களின் புதிய வெளியீடுகளும் அவற்றுக்கு எழும் எதிர்வினைகளும் குறித்து, கட்டற்ற மென்பொருள் பயனர்களின் இந்த அமைப்பு தன் நிலைப்பாட்டை இங்கே முன்வைக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் நடந்த அன்றாட வேலைகள் புதியதிலும் நடக்கும் வரை, லினக்ஸ் வழங்கல்கள் பழையதை நீக்கக் கூடாது. வெளியீட்டுக்குப் பின் குவியும் குறைகளை, மாற்றம் பிடிக்காதவர்களின் புலம்பல் என்று தள்ளிவிடவும் கூடாது. அவை அந்த வெளியீட்டின் சோதனை முடிவுகள்.

இந்த நிலைப்பாட்டுக்கு முதல் ஆதாரம், கேடிஇ என்ற மற்றொரு டெஸ்க்டாப்பின் 4.0 பதிப்பு. 2008 ஜனவரி 11 அன்று வெளியான அந்தப் பதிப்பு, புதிய அடித்தளம் போடப்பட்டுவிட்டது என்று செயலி நிரலாளர்களுக்குத் தெரிவிப்பதற்கானது. அன்றாடப் பயனருக்கு இன்னும் காலமாகும் என்று உருவாக்கியவர்களே சொல்லிவந்தார்கள். ஆனால் எண் என்னவோ 4.0. அந்த எண்ணைப் பார்ப்பவர், முடிந்த மென்பொருள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதே ஆண்டு மே மாதம் ஃபெடோரா 9 வழங்கல், பழைய கேடிஇ 3.5 டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு 4.0.3ஐ மட்டும் தந்தது. கீழ்ப்பட்டையைத் தானாக மறையச் செய்ய 2009 ஜனவரியின் 4.2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரையின் மூலையில் முந்திரி வடிவில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னத்தை நீக்க வழியில்லாமல், அதை மறைப்பதற்கென்றே ஒருவர் துணைநிரல் எழுதினார். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கேடிஇயை விட்டு குனோமுக்குப் போய்விட்டதாக 2009இல் வெளிப்படையாகச் சொன்னார்.

அதே மென்பொருளை வைத்துக்கொண்டு ஓப்பன்சூசே 11.0 வேறு விதமாக நடந்தது. 2008 ஜூனில் வந்த அந்த வழங்கலின் நிறுவியில் குனோம், கேடிஇ 3.5, கேடிஇ 4.0 மூன்றும் இருந்தன. வேண்டியதைப் பயனர் தேர்ந்துகொண்டார். கேடிஇ திட்டமும் 3.5 வரிசைக்கு அந்த ஆகஸ்ட் வரை திருத்தங்கள் வெளியிட்டது. பழையதையும் புதியதையும் சேர்த்துத் தரும் இந்த வழியைத்தான் இந்த அமைப்பு எல்லா வழங்கல்களிடமும் கேட்கிறது.

இரண்டையும் பராமரிக்க ஆளில்லை என்று சொல்லப்படுவது நியாயமான மறுப்பு. ஊதியமின்றி உழைப்பவர்களிடம் இரட்டை வேலை கேட்க முடியாதுதான். ஆனால் ஆள்பலமும் பணமும் எங்கே போயின என்றும் பார்க்க வேண்டும். ரெட் ஹேட் நிறுவனம் தன் கட்டண வாடிக்கையாளர்களுக்கு, தன் லினக்ஸ் வழங்கலின் குனோம் 2 கொண்ட ஆறாம் பதிப்பை 2020 நவம்பர் வரை பராமரித்தது. 2014இல் வந்த ஏழாம் பதிப்பில் குனோம் 3 இருந்தும், பழைய சாயலுள்ள ‘கிளாசிக்’ முறையே இயல்பாகத் திறந்தது. அலுவலகத்தில் வேலை தடைபடக் கூடாது என்று அந்த வாடிக்கையாளர்களுக்காக யோசிக்க முடிந்தது. வீட்டிலும் பள்ளியிலும் இருந்த பயனருக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. அவருக்காக அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர், 2011இல் குனோம் 2இன் மூலநிரலை எடுத்து மாட்டே என்ற கிளையைத் தொடங்கினார். குனோம் 3உடன் மோதாமலிருக்க கோப்பு மேலாளரான நாட்டிலஸை காஹா என்றும், உரைத் தொகுப்பியான ஜிஎடிட்டை ப்ளூமா என்றும் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. குனோம் 2, குனோம் 3 இரண்டும் ஒரே கணினியில் அருகருகே இருக்கும்படி முதலிலேயே அமைத்திருந்தால் இந்த உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

எல்லாக் குறைகளும் ஒரே எடை கொண்டவை என்று இந்த அமைப்பு கருதவில்லை. நிறம் பிடிக்கவில்லை, ஐகான் அழகாக இல்லை என்பவை ரசனை சார்ந்தவை. அவற்றில் வடிவமைப்பாளரின் முடிவே இருக்கட்டும். பழகிய கை, இருட்டிலும் அஞ்சறைப்பெட்டியில் கடுகைச் சரியாக எடுக்கும். கணினியிலும் அப்படிப்பட்ட கைப்பழக்கத்தை உடைக்கும் மாற்றத்துக்குத் தக்க காரணமும், பழைய வழிக்குத் திரும்ப ஓர் அமைப்புத் தேர்வும் வேண்டும். செய்துகொண்டிருந்த வேலையையே செய்ய முடியாமல் போவது இவற்றிலெல்லாம் கடுமையானது. அப்படியொரு குறை பதிவானால், சரியாகும் வரை வெளியீட்டைத் தள்ளிவைக்க வேண்டும்.

பார்வையற்ற பயனர்களின் அனுபவம் இதற்குச் சான்று. திரையையும் விசை உள்ளீட்டையும் கையாளும் எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்டை ஃபெடோரா 2016 நவம்பரிலேயே இயல்பாக்கியது. எந்தச் செயலியும் மற்றவற்றின் விசையழுத்தங்களை ஒட்டுக்கேட்க முடியாது என்பது வேலண்டின் பாதுகாப்பு விதி, நல்ல விதிதான். ஆனால் ஓர்கா என்ற திரைவாசிப்பான் விசைகளைக் கேட்டால்தான் இயங்கும். கேப்ஸ் லாக் விசையைக் கொண்ட ஓர்காவின் குறுக்குவழிகள் வேலண்டில் ஒழுங்காக வேலை செய்யும் ஏற்பாடு, 2025 மார்ச்சில் வந்த குனோம் 48இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் அவர்களுக்குப் பழைய எக்ஸ்11 அமர்வே கைகொடுத்தது. குனோம் 48க்கு அடுத்த பதிப்பிலேயே, 2025 செப்டம்பரில், அந்த அமர்வு இயல்பாக அணைக்கப்பட்டது. அணுகல் வசதிகளை அவற்றைப் பயன்படுத்துவோரே சோதித்து ஒப்புதல் தந்த பிறகே பழைய அமர்வை அகற்ற வேண்டும் என்று இந்த அமைப்பு உறுதியாகக் கோருகிறது.

தமிழில் கணினியைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு இடர் உண்டு. ஆங்கில மூலத்தில் ஒரு வாக்கியம் மாறினாலும் அதன் தமிழாக்கம் செல்லாததாகி, மீண்டும் ஆங்கிலமே திரையில் வரும். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பு சொற்களை மாற்றாமல் நிறுத்திவைக்கும் வழக்கம் இருக்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்களை நம்பியிருக்கும் மொழிகளுக்கு அந்தச் சில வாரங்கள் போதவில்லை. அதை நீட்டித்தால் பெரிய உதவி.

பயனர்களிடமும் இந்த அமைப்புக்குக் கோரிக்கை உண்டு. நிரலாளரைத் திட்டி எழுதியதால் எந்த வழுவும் தீர்ந்ததில்லை. அத்தகைய வசையை இந்த அமைப்பு ஏற்காது. எந்த வேலை, எந்தப் பதிப்பில் நடந்தது, எதில் நின்றது, எந்த விசையை அழுத்தியபோது என்ன ஆனது என்று எழுதும் குறைக்கு வலிமை அதிகம். அப்படி எழுதத் தெரியாதவர்களுக்கு உறுப்பினர்கள் உடனிருந்து தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, உரிய திட்டத்தின் வழுப் பதிவேட்டில் சேர்ப்பார்கள். பெரிய வெளியீடுகளின் பீட்டா பதிப்புகளைத் தமிழ் உள்ளீட்டுடனும் திரைவாசிப்பானுடனும் இயக்கிப் பார்க்கும் பொறுப்பையும் இந்த அமைப்பு ஏற்கிறது.