தூசியும் துணியும்

தலைநகரில் வாழும் நம்மவருக்குப் புழுதியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. கோடையில் இராஜஸ்தானத்துப் பக்கமிருந்து வீசும் காற்று, காலையில் கழுவிய காரை மாலைக்குள் மண்ணிறமாக்கிவிடும். அடிக்கடி முழுக்கக் கழுவ நேரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. இடைப்பட்ட நாட்களில் என்ன செய்யலாம் என்பதே இம்மாத விஷயம்.

மாதத் தவணையில் நாம் வாங்கிய கார் கருநீல நிறம். குடியிருப்பில் வண்டி துடைக்கும் இளைஞர் நாள்தோறும் விடியலில் துடைத்து வந்தார். ஓராண்டு சென்று வெயிலில் நோக்கியபோது, மேனியெங்கும் சிலந்திவலை போன்ற கீறல்கள்! அவரைச் சினந்துகொண்டோம். அவரோ மறுமொழி கூறாது தம் வாளியைக் காட்டினார். 10 வண்டிகளுக்கும் ஒரே வாளி, ஒரே துணி. அத்துணியும் நாம் கொடுத்த பழைய பனியனே. குற்றம் எவருடையது என்பது அப்போது விளங்கிற்று.

வண்ணத்தின் மேலுள்ள பளபளப்புப் பூச்சு தலைமயிரினும் மெல்லியது. புழுதியிலுள்ள மணல் துகளோ அப்பூச்சினும் கடினமானது. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே வண்டியை நிழலில் நிறுத்தி, சூடு தணிந்தபின், கூரையிலிருந்து மெல்ல நீர் வார்த்து மணலை வழிந்தோடச் செய்க. பிறகு நனைத்த மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, அழுத்தாமல், மேலிருந்து கீழாக நேர்கோட்டில் துடைக்க. ஒரு மடிப்பு அழுக்கானால் மறு மடிப்பைத் திருப்புக. இரு பக்கமும் சேர்த்து 8 முகங்கள் கிடைக்கும். சேறு படியும் கீழ்ப்பகுதிக்கு வேறு துணி வேண்டும். தரையில் விழுந்த துணியை அலசாமல் மீண்டும் தொடலாகாது. பறவையின் எச்சம் பூச்சை அரிக்கும். ஈரத்துணியைச் சற்று நேரம் அதன்மேல் இட்டு ஊறவைத்து எடுக்க, சுரண்டற்க. புழுதி கனமாகப் படிந்து, வார்க்க நீரும் இல்லையெனில், துடைக்காது விடுதலே நன்று. அழுக்கான வண்டிமீது உறை போடுவதும் தவறு. காற்றில் அவ்வுறையே தேய்க்கும்.

இப்போது அவ்விளைஞரிடம் நம் வண்டிக்கென 4 துணிகளும் ஒரு தனி வாளியும் உள்ளன. பழைய கீறல்கள் மறையவில்லை, புதியன சேரவில்லை. சினந்த சொல்லுக்கு வருத்தமும் தெரிவித்துவிட்டோம். அன்பர்களும் தத்தம் வாளியை ஒருமுறை நோக்குவார்களாக.