ஆறு மறந்த பெயரை ஊர் மறக்கவில்லை

வீட்டுவரிச் சீட்டிலும் குப்பை வண்டியிலும் பிள்ளைகளின் பாடசாலைக் கடிதத்திலும் 'றெட்பிரிட்ஜ்' என்னும் பெயரை நாள்தோறும் காண்கின்றோம். சிவப்புப் பாலம் என்பது அதன் பொருள். அந்தப் பாலம் எங்கே இருக்கின்றது என்று அண்மையில் அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தி எம்மிடம் வினவினாள். முப்பது ஆண்டுகளாக இவ்வூரிற் குடியிருந்தும் எமக்கு விடை தெரியவில்லை. வெட்கத்தோடு தேடினோம். அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

பாலம் இப்போது இல்லை. இல்ஃபோர்ட்டுக்கும் வான்ஸ்டெட்டுக்கும் இடையே றோடிங் ஆற்றின் மேல், வயல்களும் தோட்டங்களும் சூழ்ந்த நாட்டுப்புறப் பாதையில் அது நின்றது. நடந்து செல்வோரும் குதிரையிற் செல்வோரும் அதனைப் பயன்படுத்தினர். அயலிலுள்ள பாலங்கள் வெண்கல்லால் அமைந்திருக்க, இது மட்டும் செங்கல்லாற் கட்டப்பட்டமையால் நிறமே பெயராயிற்று. அதற்கு முன் அதற்கு ஹொக்லீஸ் பாலம் என்றொரு பெயரும் இருந்தது. 1920களின் தொடக்கத்தில், ஈஸ்டர்ன் அவெனியூ என்னும் அகன்ற நெடுஞ்சாலைக்கு வழிவிடும்பொருட்டு அதனை இடித்துவிட்டார்கள்.

கல் போயிற்று, பெயர் போகவில்லை. 1947இல் திறக்கப்பட்ட நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்துக்கு அப்பெயர் கிடைத்தது. 1965இல் இல்ஃபோர்ட், வான்ஸ்டெட், வூட்ஃபோர்ட் ஆகியவற்றோடு அயற்பகுதிகள் சிலவற்றையும் சேர்த்துப் புதிய நகராட்சிப் பிரிவு ஒன்றை அமைத்தபோது, அதற்கும் அப்பெயரையே இட்டார்கள். இடிக்கப்பட்டு நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், ஒரு சிறு கிராமப் பாலம் இலண்டனின் ஒரு பெரும் பகுதிக்கே பெயர் கொடுத்தது.

இல்ஃபோர்ட் என்னும் பெயரின் கதை இதனிலும் பழையது. 'ஃபோர்ட்' என்றால் ஆற்றைக் காலால் இறங்கிக் கடக்கும் துறை. 'இல்' என்பது ஹைல் என்னும் ஆறு. முதலாம் வில்லியம் மன்னன் 1086இல் எழுதுவித்த நிலக்கணக்கேட்டிலேயே இவ்வூர்ப்பெயர் காணப்படுகின்றது. அந்த ஹைல் ஆறு வேறெதுவுமன்று. இன்றைய றோடிங் ஆறே அது. மேற்புறத்தே எசெக்ஸ் நாட்டிலுள்ள றோடிங் கிராமங்களின் பெயர் பிற்காலத்தில் ஆறு முழுவதற்கும் பரவிவிட்டது. ஆறு தன் பழம்பெயரை மறந்துவிட்டது. ஊர் மட்டும் அதனைத் தன் பெயருக்குள் ஒளித்துவைத்துக் காத்து வருகின்றது.

உரோமர் காலத்தில் இலண்டனிலிருந்து கொல்செஸ்டருக்குச் சென்ற பெருவழியை நோக்குவோம். ஸ்ட்ராட்ஃபோர்ட், இல்ஃபோர்ட், றொம்ஃபோர்ட், செம்ஸ்ஃபோர்ட் என வரிசையாக அதில் அமைந்த ஊர்கள் யாவும் துறைகளே. ஸ்ட்ராட்ஃபோர்ட் தெருத்துறை, றொம்ஃபோர்ட் அகன்ற துறை. இன்று அங்கெல்லாம் பாலங்கள் உள்ளன. எவரும் கால் நனைப்பதில்லை. ஆயினும், ஒரு காலத்தில் மக்கள் ஆடையை உயர்த்திக்கொண்டு நீரில் இறங்கினார்கள் என்பதைப் புகையிரத நிலையப் பலகைகள் இன்றும் கூறுகின்றன.

இவற்றையெல்லாம் அறிந்தபோது எமது மனம் ஊருக்குச் சென்றது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல என்ன உண்டு? ஆயினும் கடப்பதற்கு நீர் இருந்தது. ஆனையிறவுப் பாதை அடைபட்ட பின், 1990களின் முற்பகுதியில் எம்மவர் கொம்படி, ஊரியான் வழியாகச் சேற்றிலும் நீரிலும் நடந்தனர். பின்னர் கிளாலியில் இரவிற் படகேறினர். 1993 தை 2ஆம் நாள் அந்நீரேரியிற் பயணித்த பொதுமக்கள் பலர் கடற்படையின் தாக்குதலில் உயிரிழந்தனர். 1995 ஐப்பசி 30ஆம் நாள் இரவில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்ததை, அன்று நடந்தவர் எவரும் மறந்திருக்க முடியாது.

கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே நாம் 'பாதை' என்றழைத்த மிதவை ஓடிய இடத்தில், 2011இல் 288 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. மட்டக்களப்பு வாவியில் மண்முனைத்துறைக்கு 2014இற் பாலம் வந்தது. பாலம் வந்த பின்னும் மண்முனையின் பெயரில் 'துறை' நிற்கின்றது; இல்ஃபோர்ட்டின் பெயரில் நிற்பதைப் போலவே.

பாலங்களைக் கட்டுவதற்கு அரசுகள் உண்டு. நெடுஞ்சாலைத் திணைக்களங்கள் உண்டு. பெயர்களைக் காப்பதற்கு யார் உளர்? றெட்பிரிட்ஜின் பெயரை நகராட்சி தன் கடிதத் தலைப்பில் வைத்துக் காக்கின்றது. கொம்படியையும் கிளாலியையும் எந்தப் புகையிரத நிலையமும் தன் பலகையில் எழுதப்போவதில்லை. அவை எமது வாயில் இருக்கும்வரைதான் இருக்கும். நீர் இருந்தும் ஹைல் ஆற்றின் பெயர் போனதல்லவா?

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வார விடுமுறையிற் பிள்ளைகளை றோடிங் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். இல்ஃபோர்ட் என்பதன் பொருளைச் சொல்லுங்கள். பின்னர், நீங்களோ உங்கள் பெற்றோரோ எந்தத் துறையில் இறங்கினீர்கள், எந்தப் பாலத்தைக் கடந்தீர்கள், உடன் வந்தவர் யார், வராமற் போனவர் யார் என்பதையும் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் இன்னும் நன்று.

அயல்வீட்டுச் சிறுமிக்கு நாம் விடை சொன்னோம். "அப்படியென்றால், நீங்கள் எந்தப் பாலத்தால் வந்தீர்கள்?" என்று அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்கு விடை தேட வேண்டியிருக்கவில்லை.