சிப்பாய்களின் விமானங்கள்

இந்திய விமானப்படை பிறந்தது 1932 அக்டோபர் 8-ல். ஆனால் சட்டப் புத்தகத்தில் மட்டும்தான். பறப்பதற்கு விமானம் வர மேலும் ஆறு மாதமாயிற்று. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் முதலாவது ஸ்குவாட்ரன் தொடங்கியபோது அதனிடம் இருந்தவை நான்கே நான்கு வாபிட்டி விமானங்கள். இரட்டை இறக்கை கொண்ட இந்த ரகத்தை, செலவை மிச்சப்படுத்த, முதல் உலகப் போர்க்கால விமானம் ஒன்றின் பாகங்களை வைத்தே வடிவமைத்திருந்தார்கள்.

இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயிற்சி பெற்று வந்த இந்தியர்கள் ஆறு பேர். அவர்களில் டாண்டனுக்குக் கால் நீளம் போதவில்லை. தளவாடப் பிரிவுக்குப் போனார். மிச்சமிருந்த ஐந்து விமானிகளில் பூபேந்திர சிங்கும் அமர்ஜீத் சிங்கும் அந்த ஆண்டே விபத்தில் பலியானார்கள். இன்னொருவர் ஒரு விபத்துக்காக ராணுவ விசாரணையில் வேலையை இழந்தார். மிஞ்சியவர்கள் சுப்ரதோ முகர்ஜி, அவான் இருவர்தான். இந்தியர்களுக்கு விமானம் சரிப்பட்டு வராது என்று சொல்லிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

விமானிகளைப் பற்றியாவது எழுதினார்கள். தரையில் நின்ற மெக்கானிக்குகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. 'ஹவாயி சிப்பாய்' என்பது அவர்களுக்கு வைத்த பெயர். வான்படைச் சிப்பாய் என்று பொருள். சம்பளமும் மரியாதையும் சிப்பாய்க்கு உரியவை, வேலையோ எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது. லாகூரில் எஞ்சினீயரிங் படித்த ஹர்ஜிந்தர் சிங் இந்தக் கடைசிப் படியில்தான் சேர்ந்தார். ஸ்குவாட்ரனின் முதல் தளபதி பௌச்சியர் ஆங்கிலேயர்தான். ஆனால் இந்தச் சிப்பாய்களின் திறமையை நம்பியவர்.

1937-ல் வடமேற்கு எல்லையின் மீரான்ஷாவில் ஸ்குவாட்ரன் முதல் முறையாகச் சண்டையில் இறங்கியது. இரண்டே ஆண்டில் முகர்ஜி அதன் தளபதியானார். ஆனால் பெரிய சோதனை பர்மாவில் காத்திருந்தது. 1942 பிப்ரவரியில் மஜும்தார் தலைமையில் டௌங்கூவில் இறங்கியதுமே ஜப்பானியர்கள் தளத்தைத் தாக்கினார்கள். கையில் இருந்தவை லைசாண்டர்கள். வேவு பார்க்கவும் தரைப்படைக்கு உதவவும் வந்த மெதுவான விமானங்கள். மெக்கானிக்குகள் அவற்றில் 250 பவுண்டு குண்டுகளைப் பொருத்திக் கொடுத்தார்கள். தாய்லாந்தில் இருந்த ஜப்பானிய விமானத் தளத்தின் மீது மஜும்தார் அவற்றை வீசிவிட்டுத் திரும்பினார்.

முகர்ஜி 1954-ல் விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். நாள், அதே ஏப்ரல் 1. அவான் பாகிஸ்தான் பக்கம் போனார். டிரிக் ரோடு தளமும்தான். சிப்பாயாகச் சேர்ந்த ஹர்ஜிந்தர் சிங் ஏர் வைஸ் மார்ஷல் வரை உயர்ந்தார். அவர் முன்நின்று கான்பூரில் உருவாக்கிய ஆவ்ரோ 748 விமானம் 1961 நவம்பரில் பறந்தது.